ஒரு சுற்றுக்கு ஆறு எண்ண வேண்டும்

போன மாதம் ஒரு ஜீப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மடுல்சீமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் வரை ஜீப் ஏறி வருகிறதென்றால் யாருக்காவது பிரசவ வலி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேலிடத்திலிருந்து யாராவது குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்க வேண்டும். இறங்கியவரைப் பார்த்தால் இரண்டும் இல்லை. முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு பைல், காலில் புதுச் சப்பாத்து, சப்பாத்து நிறையச் சேறு. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன், பெயர் நசீர், படித்து இன்ஜினியர் ஆகித் தோட்டத்து வேலைக்கு வந்தவர்.

"டைனமோ அண்ணன் வீடு இதுதானே?" என்று என்னிடமே கேட்டார்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்து டைனமோவும் அதை ஓட்டிய டர்பைனும் அதற்கும் முன்பே பூட்டப்பட்டுவிட்டன. ஆனால் பட்டப்பெயருக்கு ஓய்வு கிடையாது.

நசீர் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தபடி சொன்னார்: "இப்ப கரண்டு நிக்கிற நேரமெல்லாம் பேக்டரில டீசல் இன்ஜின்தான் ஓடுது. எண்ணெயும் நிலக்கரியும் எரிச்ச புகை மேல போயி ஒலகத்தையே சூடாக்குதுன்னு வெளிநாட்டுல எழுத ஆரம்பிச்சிருக்காங்க. ஒங்க தோட்டத்துல தண்ணி சும்மா ஓடுது. பூட்டி வச்ச டர்பைன மறுபடி ஓட்டலாம்னு இருக்கோம்."

"ஒலகத்த சூடாக்குதோ என்னமோ தம்பி, அந்தப் புகை எங்க தேயிலைய நாறடிச்சது எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பைலைத் திறந்தார். டைனமோ காம்பராச் சுவரில் ஒரு பலகை எழுதி மாட்ட வேண்டுமாம். எதை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்று வரிசையாக. "பெரிய வால்வ மூடுறப்ப ஒரு சுத்துக்கு எத்தன எண்ணணும்?"

"ஆறு."

எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "மீட்டர் பாத்து எழுதவும் வால்வு பாக்கவும் ஒரு படிச்ச ஆள் வேணும். நாலு மனு வந்திச்சு. ஒங்க மக சாந்தியோடதுதான் நல்லாயிருந்திச்சு."

அவள் மனுப் போட்டது எனக்குத் தெரியாது. பலகையில் ஒரு எண் எழுதினால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதை எழுதப் பலகையில் இடம் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதுளையில் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டு, கிளார்க் வேலை கிடைக்கும் என்று ஒரு வருடம் வெள்ளைச் சட்டையோடு திரிந்தேன். கிடைக்கவில்லை. அப்பா என்னை பேக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டரிடம் கொண்டுபோய் விட்டார். வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

பிட்டர் பெயர் விமலதாச. எல்லோருக்கும் விமலதாச மாத்தயா, சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம். கட்டை ஆள், காக்கிக் களிசான், காதில் எப்போதும் ஒரு பென்சில். தமிழை அவர் தம் வசதிக்குப் பேசுவார். யாரையும் திட்டமாட்டார். தப்புச் செய்தால் வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம். வால்வுச் சக்கரத்தைத் தொடுமுன் கையிலுள்ள எண்ணெயைத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். சோறு சாப்பிடும்போதுகூட அவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

எங்கள் டர்பைன் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மலைக்காட்டுக்குக் கீழே ஆற்றில் சின்னதாக ஒரு அணை, கட்டு என்போம். அங்கிருந்து ஒன்றரை மைல் வாய்க்கால், தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு சீமெந்துத் தொட்டியில் விழும். தொட்டியின் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. இலையும் குச்சியும் அதில் தங்கிவிடும். தடுப்புக்குப் பின்னால் பெரிய குழாய் தொடங்கும். அது முந்நூறு அடி சரிவில் இறங்கி, கீழே டைனமோ காம்பராவுக்குள் நுழைந்து சக்கரத்தை அடிக்கும். கொழுந்து உருட்டும் ரோலர், காற்றாடி, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா விளக்கு எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம், பேரிங்குக்குப் போடுவதைத் தவிர.

மூடுவதுதான் ஆபத்து. பெரிய வால்வுக்கு நாற்பது சுற்று. முந்நூறு அடி தண்ணீர் ஓடி வருகிற வேகத்தில் நாம் கதவைச் சட்டென்று சாத்தினால், அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. குழாயைத்தான் அடிக்கும். அடித்தால் ஏதாவது ஒரு மூட்டு வெடிக்கும். குழாய்க்கு இருபது அடி தள்ளி, பத்துக் குடும்பம் குடியிருந்த பத்துக் காம்பரா லயம் ஒன்று இருந்தது. லயத்தைக் கட்டியவன் குழாயை நினைக்கவில்லை, குழாயைப் போட்டவன் லயத்தை நினைக்கவில்லை. எனவே ஒரு சுற்றுக்கு ஆறு எண்ண வேண்டும். முழுதாக மூட நான்கு நிமிடம்.

சேர்ந்த இரண்டாம் மாதம் சாப்பாட்டு அவசரத்தில் நான் மூன்று எண்ணினேன். குழாய் ஒருமுறை 'டொம்' என்றது, பாறையில் கோடரி விழுந்தது மாதிரி. மாத்தயா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். பார்த்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு குழாயோடு மேலே ஏறினார். மழை. ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். இறங்கி வரும்போது லயத்தைக் காட்டி, "எத்தனை காம்பரா?" என்றார்.

"பத்து."

"ஆறு எண்ணுறது கஷ்டம்னா, பத்து ஞாபகம் வச்சுக்கோ."

அதற்குப் பிறகு பல வருடம் நான் ஆறுக்குக் குறைவாக எண்ணியதில்லை. ஒரு நாளைத் தவிர.

டீசல் கதையையும் சொல்லிவிட வேண்டும். அப்போதிருந்த துரைக்கு டர்பைன் பழைய சாமானாகத் தெரிந்தது. பச்சை நிறத்தில் ஒரு டீசல் இன்ஜின் வந்து இறங்கியது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பேக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாதான் எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டார்; மழை குறைந்தால் ரோலர் நிற்கும் என்ற கவலை இனி அவருக்கு இல்லை. இன்ஜினை வைத்த இடம்தான் கோளாறு. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்ததும், இன்ஜின் புகை நேராகக் கொழுந்து வாட்டும் மாடிக்குள் புகுந்தது. காற்றாடி அதை உறிஞ்சி, தட்டில் பரப்பிய கொழுந்துக்கு ஊட்டிவிட்டது. கொழும்பில் தேயிலையை ருசி பார்ப்பவர் எங்கள் தேயிலைக்கு ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினாராம்: லொறி.

டீமேக்கர் ஐயா ஒரு வாரம் மாடி ஜன்னலையெல்லாம் அடைத்துப் பார்த்தார். பிறகு டைனமோ காம்பரா வாசலில் வந்து நின்று, உள்ளே பார்க்காமலே கேட்டார்: "என்னப்பா, ஒங்க தண்ணி வண்டி ஓடுற நெலமைலதான் இருக்கா?"

"எப்பவும் இருக்குங்கய்யா."

"ரொம்ப இளிக்காத."

அடுத்து எண்ணெய் விலை ஏறியது. பீப்பாய் லொறி பதுளையைத் தாண்டி வருவதே அபூர்வமானது. பச்சை இன்ஜின் மேல் கோழி அடைகாத்தது. தண்ணீர்தான் ஓடியது. அந்தத் தண்ணீருக்காகக் கட்டுக்கு மேலுள்ள காட்டில் ஒரு விறகுகூட வெட்டக் கூடாது என்று மாத்தயா துரையிடம் போய் நின்று உத்தரவு வாங்கி வந்தார். விறகுக்கு வேறு சரிவில் டர்பன்டைன் மரக் கன்று நட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் காட்டை வெட்டினார்கள். ஆவணிக்குள் அவர்கள் ஆறு வெறும் கல்லாகக் கிடந்தது. எங்கள் ஆறு மெலிந்தது, நிற்கவில்லை. காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

இனி எழுதுவதை மெதுவாக எழுத வேண்டும்.

மேலே கட்டுக்கும் கீழே தொட்டிக்கும் டெலிபோன் கிடையாது. கட்டைப் பார்த்துக்கொண்ட கறுப்பையா அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு சாண் நீள வாழைமட்டையை அறுத்து, கத்தியால் வெட்டுப் போட்டு வாய்க்காலில் விடுவார். ஒரு வெட்டு என்றால் தண்ணீர் போதுமானது. இரண்டு என்றால் குறைகிறது. மூன்று என்றால் மேலே பெருமழை, குப்பையோடு வெள்ளம் வருகிறது, தயாராக இரு. மட்டை மிதந்து வந்து கம்பித் தடுப்பில் ஒட்டும். தொட்டியில் இலை வாருகிற மாரியாயி அக்கா அதை எடுத்துப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அத்தனை அடி அடிப்பார். எனக்குக் கீழே கேட்கும். காலை, பகல், சாயந்தரம் மூன்று தபால்.

என் மகள் சாந்திக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் தொட்டிக்கு ஓடுவாள். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாய்க்கால் ஓரமாக மட்டையோடு பந்தயம் ஓடுவார்கள். சாந்திதான் முதலில் வந்து, குனிந்து மட்டையை எடுத்து, வெட்டை எண்ணித் தண்டவாளத்தில் அடிப்பாள். அவள் அடிக்கும் ஓசை எனக்குத் தெரியும். மாரியாயி அக்காவைவிடக் கொஞ்சம் அவசரம்.

"புள்ளைய வேலைக்கு வச்சுட்டீங்க, பேரு பதிஞ்சுட வேண்டியதுதானே" என்று அக்கா கேலி செய்வார்.

"அடுத்த டைனமோக்காரி அவதான்" என்பேன். என் மனைவி பாக்கியம் மட்டும் சொன்னாள்: "அந்தத் தொட்டி எனக்குப் புடிக்கல." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

கார்த்திகை மாதம். நான்கு நாள் அடைமழை. பகல் தபால் வரும் நேரம். தண்டவாளம் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளமா என்று எழுந்தேன். நான்கு, ஐந்து, ஆறு... எண்ணிக்கையே இல்லாமல் அடித்தது. சட்டென்று நின்றது. வாசலுக்கு ஓடினேன். மேலிருந்து மாரியாயி அக்காவின் குரல் மழையோடு வந்தது.

"அண்ணே, புள்ள கம்பில ஒட்டிக்கிச்சு. இழுக்க முடியல. தண்ணிய நிறுத்துங்க."

பாசியில் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறாள். தண்ணீர் இழுத்துக்கொண்டுபோய் அவளைக் கம்பியோடு அழுத்திவிட்டது. ஓடுகிற குழாயின் வாய் அது; இலையையே கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அக்கா சொல்லவில்லை. திரும்பக் கேட்க நேரமில்லை. வால்வுக்கு ஓடினேன்.

கையைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் சுற்று. ஆறு எண்ணினேன். பகல் நேரம், பத்துக் காம்பராவிலும் ஆட்கள் சோறு தின்ன வந்திருப்பார்கள். இரண்டாவது. மூன்றாவது. விளக்கு மங்கத் தொடங்கியது. பேக்டரியிலிருந்து டீமேக்கர் ஐயா ஓடிவந்தார். "ஏன்யா நிறுத்துற? ரோலருக்குள்ள கொழுந்து கெடக்கு." நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் மேலே பார்த்தார். அப்படியே மலையில் ஏறி ஓடினார். அந்தத் தொப்பையோடு அவர் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

பதினைந்தாவது சுற்று வரை ஆறு. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஐந்து எண்ணினேன். நான்கு. இருபதாவது சுற்றில் இரண்டே இரண்டு. குழாய் அடித்தது. 'டொம்'. காம்பராச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. லயத்துப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

நான் நின்றேன். மறுபடி ஆறு எண்ணத் தொடங்கினேன்.

அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. வேகமாகத் திருப்பியதை அல்ல. மேலே என் பிள்ளை கம்பியில் கிடக்கும்போது, நான் தெரிந்தே மெதுவாக்கினேன். இருபது சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஆறு. முடித்துவிட்டு மேலே ஓடினேன்.

மாரியாயி அக்கா இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் சாந்தியின் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவர் கால் நழுவாமல் டீமேக்கர் ஐயா மேலிருந்து அவர் தோளைப் பிடித்திருந்தார். கம்பியில் ஒட்டியிருந்த இலைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே விட்டு மிதந்தன. அப்புறம் என் மகளும் விட்டு மிதந்தாள். உதடு நீலம். கையில் வாழைமட்டையை விடாமல் வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு வெட்டு.

லயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மாத்தயா என்னைக் கூட்டிக்கொண்டு குழாயோடு ஏறினார். "எத்தனை எண்ணினே?"

"ஆறு."

லயத்துக்கு நேரே ஒரு மூட்டில் நூல் மாதிரித் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் அதில் விரலை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துத் தாமே போல்ட்டை இறுக்கிவிட்டு, "வயசான பைப்" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் வெற்றிலை துப்பவே இல்லை.

டர்பைனை மூடிவிடலாமா என்று துரை என்னிடம்தான் கேட்டார். நான் மூடச் சொன்னால் மூடிவிடுவார். மறுபடி பச்சை இன்ஜின் ஓடும். பாக்கியம் மூடச் சொன்னாள். நான் ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: தொட்டிக்கு மேல் பலகை மூடி, சுற்றிலும் வேலி, தண்ணீரை ஆற்றுக்குத் திருப்பிவிட மேலேயே ஒரு மடை, கட்டிலிருந்து மணிக்கம்பி. இவை செய்தால் ஓடட்டும். ஒரே மாதத்தில் செய்தார்கள். கறுப்பையா அண்ணன் தம் கத்தியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதார். வாழைமட்டைத் தபால் அன்றோடு நின்றது. டர்பைன் பெரிய கரண்டுக் கம்பி மலையேறி வரும் வரை ஓடியது.

நசீர் வந்துபோன சாயந்தரம் சாந்தியிடம் கேட்டேன். அவள் ஏ லெவல் முடித்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள்.

"ஒனக்கு வேற வேலையே கெடைக்கலியா?"

"நீங்கதானே சொன்னீங்க, அடுத்த டைனமோக்காரின்னு."

"அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"நான் வெளையாட்டுக்கு மனுப் போடலப்பா." சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "மூடுறப்ப ஆறு எண்ணணும்னு நசீர் சார் சொன்னாரு. எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"கம்பில கெடந்தேன்ல. ஒவ்வொரு சுத்துக்கும் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமா விட்டுச்சு. நடுவுல வேகமா விட்டுச்சு. ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மறுபடி மெதுவாயிடுச்சு."

நான் அடுப்பைப் பார்த்தேன். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறோம்.

"என்மேல கோவம் வரலியா?"

"வந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல சரசு பக்கத்துலதான் எப்பவும் ஒக்காருவேன். அவ வீடு அந்த லயத்துலதான். குழாயப் பாத்த மாதிரி மூணாவது காம்பரா. ஒரு நாள் கணக்குப் பாடத்துல அவளப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் கோவம் இல்ல."

உள்ளேயிருந்து பாக்கியம் சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுன்னா சாப்புடுங்க. அந்தத் தொட்டி எனக்கு இப்பவும் புடிக்கல."

போன வெள்ளிக்கிழமை டர்பைனை ஓட்டிப் பார்த்தார்கள். துருவைச் சுரண்டி, மூட்டுக்கெல்லாம் புது ரப்பர் போட்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: அவள் கீழே வால்வில் நின்றால், மேலே தொட்டியில் நான் நிற்பேன். நசீர், "ஐயா, வேலி இருக்கு, மூடி இருக்கு, மடையும் இருக்கு" என்றார். "நானும் இருக்கேன்" என்றேன்.

ஓடியது. பேக்டரியில் விளக்கு எரிந்தது, யாரோ கை தட்டினார்கள். ஒரு மணி நேரம் ஓட விட்டு, மூடச் சொல்லிக் கீழே நசீர் கொடி காட்டினார். நான் பலகை மூடியைத் தூக்கிக் கம்பியில் கை வைத்தேன். தண்ணீர் என் உள்ளங்கையை இழுத்துப் பிடித்திருந்தது. எண்ணத் தொடங்கினேன். ஆறு எண்ணினேன், இழுப்பு குறையவில்லை. ஏழு. எட்டு. கொஞ்சம் விட்டது. அடுத்த சுற்றும் அப்படியே. நாற்பது சுற்றும் அப்படியே. கடைசியில் கம்பியில் ஒட்டியிருந்த இலைகள் விட்டன, என் கையையும் விட்டது. குழாயில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

இறங்கிப் போனேன். அவள் கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுதானே எண்ணணும்?"

"வயசான பைப்புப்பா" என்றாள்.

நசீர் என்னைப் பார்த்தார். பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. ஆறை அழித்து எட்டு என்று எழுதச் சொன்னேன்.